நீடாமங்கலம் – மன்னார்குடி: பச்சைக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால்

"வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு ரசம் வைக்க உனக்கு நேரமில்லை, அடுத்தவன் வயல் வரப்புக்கு மார்க் போட மட்டும் நேரமிருக்கு. நடந்துதான் ஆகணும்னா மொட்டைமாடியில நடக்கக் கூடாதா, அங்க நடந்தா யாரும் ஸ்டார் குடுக்க மாட்டாங்களா?"

பேசுபவர் எங்கள் வீட்டுக்காரர். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் ஷூ லேசைக் கட்டக் குனியும்போதெல்லாம் இந்த வாசகத்தை ஒரு சொல் மாறாமல் ஒப்பிப்பார். நானும் ஒரு சொல் மாறாமல், "ரசம் அடுப்பில இருக்கு, கண்ணு இருந்தா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு நடந்துபோய், அந்த வழி நடக்க லாயக்கா இல்லையா என்று எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது, செருப்புக் காசுகூடக் கிடையாது. லாரியும் பஸ்ஸும் பறக்கிற மெயின் ரோட்டை விட்டுவிட்டு, ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, வரப்பு என்று ஊரையும் ஊரையும் இணைக்கிற வழிகளைத் தேடும் குழு ஒன்றில் தெரியாத்தனமாகச் சேர்ந்துவிட்டேன். முதலில் வரைபடத்தில் ஒரு மஞ்சள் கோடு போடுவார்கள். மூன்று பேர் அதில் நடந்து "நல்ல வழி" என்று எழுதினால் கோடு பச்சையாகிவிடும். பச்சையான கோட்டை மறுபடி கேள்வி கேட்க வேண்டுமானால், வேறு இரண்டு பேர் தனித்தனியாக நடந்து "சரியில்லை" என்று எழுத வேண்டும், அப்போது கோடு சிவப்பாகிவிடும். சங்கத்துக்குச் செயலாளர், குடியிருப்புக்குப் பொருளாளர், அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர் என்று எங்காவது சும்மா மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களே, இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதிகள் போடுவதற்கு எப்போதும் ஆள் இருக்கும்.

எத்தனை மா போகுது?

போன ஆவணியில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் பச்சைக் கோட்டில் நடந்தேன். சொந்த ஊர் வழி. மூன்று பேர் ஏற்கெனவே பாராட்டித் தள்ளியிருந்தார்கள். தலையில் தொப்பி, காலில் ஷூ, கையில் வழிகாட்டும் செல்போன், நடுத்தர வயசு. எங்கள் பக்கத்தில் இந்தக் கோலத்தில் ஒரு பொம்பளை வாய்க்கால் கரையில் தனியாக நடந்தால் அவள் சும்மா நடக்கிறாள் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். புது ரோடு போட நிலம் எடுக்க வந்தவள், குழாய் பதிக்க வந்தவள், எதையாவது தோண்ட வந்தவள். நல்லது செய்ய வந்தவள் என்று நினைக்கும்படி இதுவரை யாரும் தொப்பி போட்டுக்கொண்டு வந்ததில்லை போலிருக்கிறது.

டிவிஎஸ் வண்டியில் ஒருவர் என் பின்னாலேயே, நான் நின்றால் நின்று, நடந்தால் நகர்ந்து வந்தார். திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் முதலில் வரும், கான்வென்ட் பழக்கம். அதைக் கேட்டதும் அவர் சந்தேகம் உறுதியாகிவிட்டது. "இல்லைங்க, நான் சும்மா நடக்கிறேன், நடக்க வழி எப்படி இருக்குன்னு எழுதுவேன்" என்று தமிழில் பொறுமையாகச் சொன்னேன். என் பொறுமையைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் பார்த்தார், மசியவில்லை.

"சும்மா நடக்குறவங்க செல்லைப் பாத்துக்கிட்டா நடப்பாங்க? பரவாயில்ல மேடம், எத்தனை மா நிலம் போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க, வக்கீலைப் பாக்கணும்."

அண்டை வெட்டிய வரப்பு

கரை முடிந்து வரப்பு ஆரம்பிக்கும் இடத்தில், "ஒருவர் தாராளமாக நடக்கலாம்" என்று மூன்று பேரும் எழுதியிருந்தார்கள். அவர்கள் நடந்தது சித்திரையில். நான் போனது சம்பா நடவுக்கு முன்னால். நடவுக்கு முன் வயல்காரர்கள் மண்வெட்டியால் வரப்பின் இரண்டு பக்கமும் செதுக்கி, நண்டு வளையெல்லாம் அடைபடும்படி சேற்றை அப்பி மெழுகுவார்கள். அண்டை வெட்டுவது என்று பெயர். இந்தப் பக்கத்துக்காரர் ஒரு விரல்கடை அதிகம் செதுக்குவார், அந்தப் பக்கத்துக்காரர் தன் பங்குக்கு ஒரு விரல்கடை. மிச்சமிருப்பது பூனை நடக்கும் அகலம். அதுவும் வெண்ணெய் மாதிரி.

முதல் அடியிலேயே ஷூ கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. வரப்பு வாயைத் திறந்தது, இந்த வயல் தண்ணீர் அந்த வயலுக்கு ஓட ஆரம்பித்தது. வயல்காரர் ஓடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், குழுவைப் பற்றிச் சொன்னேன், இந்த வழிக்கு எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பதையும் உளறி வைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி என் கால் பக்கத்தில் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார் கெடக்கட்டும்மா, மொதல்ல அந்தக் காலை எடுங்க. தண்ணி அடுத்த வயக்காரனுக்குப் போவுது, அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

எலுமிச்சை சாதம் சாப்பிட்ட இடம்

வரப்பிலிருந்து மேலே ஏறினால் எதிரே வாய்க்கால். வாய்க்கால் என்றால் தாண்டிக் குதிக்கிற வாய்க்கால் இல்லை. ஒரு லாரி குறுக்கே நிற்கலாம், அவ்வளவு அகலம். கரை தொட்டுப் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. செல்போனில் பச்சைக் கோடு நேராக அதற்குள் இறங்கி அக்கரையில் ஏறுகிறது. பாலமில்லை, மதகில்லை, ஒரு மரத்துண்டுகூட இல்லை. அக்கரையில் முப்பது நாற்பது வீடுள்ள ஒரு சின்ன ஊர். பெயரை எழுதவில்லை. படித்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அங்கேயே நின்று, எங்கள் குழுவின் தலைவர் ரவிச்சந்திரன் சார் சித்திரையில் எழுதியதை எடுத்துப் படித்தேன். கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிநேகிதர்கள் இருவரோடு ஒரே நாளில் நடந்து, மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதி, கோட்டைப் பச்சையாக்கியவர். எழுதியிருந்தது இது: "இடையில் அகலமான மணல் பாதை ஒன்று குறுக்கிடுகிறது. சுத்தமானது, சமதளமானது. அதில் அமர்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை."

மேட்டூர் அணை மூடியிருக்கும் கோடையில் எங்கள் வாய்க்கால்கள் எல்லாம் காய்ந்து மணலாகத்தான் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் விடும்வரை பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைப் பாதை என்று நினைத்தால் மன்னிக்கலாம். சார் தஞ்சாவூரிலேயே பிறந்து, தஞ்சாவூரிலேயே வேலை பார்த்து, தஞ்சாவூரிலேயே பென்ஷன் வாங்குகிறவர். வாய்க்கால் கரையிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன். சார், நீங்க சாப்பிட உக்காந்தது வாய்க்காலுக்குள்ள, என்றேன்.

"நான் பாத்தப்ப அது பாதையாத்தான் இருந்ததும்மா. மாட்டுவண்டித் தடம்கூட இருந்துச்சே."

வளர்மதி

போனை வைக்கும்போது அக்கரையிலிருந்து ஒரு பெண் தண்ணீரில் இறங்கினாள். தலைமேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதை ஒரு கை பிடித்திருக்கிறது. இன்னொரு கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு தினுசாகச் சாய்ந்து நடந்து வந்தாள். கரையேறியதும் என்னைப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்கக்கா, யாரும் வந்தா குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்தபோது இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. ஈரத்துணி பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது.

வளர்மதி நீடாமங்கலத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவள். அவள் வீட்டில் ஒரு வண்டி இருக்கிறது. அதை அவள் புருஷன் விடிவதற்கு முன்னாலேயே திருவாரூருக்கு வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறான். மினி பஸ், வந்தால் வந்தது. ரோட்டுப் பாலம் சுற்றி நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. காப்பிகூடக் குடிக்காத கோபம். டாக்டர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். முன்பு வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பனைமரத்தைப் போட்டிருந்தார்களாம், வெள்ளத்தில் அது போய்விட்டது. ஒரு நடைபாலம் கேட்டுக் கிராம சபையில் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றிருக்கிறாள். பாலம் வந்தால் வேலை நிலைக்கும், ஐப்பசி மழைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் வேலை போகும், இதுதான் அவள் கணக்கு.

நான் ரவிச்சந்திரன் சார் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எலுமிச்சை சாதம் சாப்ட்ட இடத்தைச் சரியா காட்டச் சொல்லுங்கக்கா. நான் அங்க உக்காந்து பாக்குறேன், தலை வெளியில தெரியுதான்னு."

உங்க ஆளுங்கதான் சொல்றாங்க

புரட்டாசியில் நானும் வளர்மதியும் நடைபாலத்துக்கு மனு எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போனோம். அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொறியாளர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதையாக நடத்துகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். சத்தம் போட வழியில்லாமல் செய்துவிடுவார்கள்.

மனுவைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் குழுவின் வரைபடம். பச்சைக் கோடு. "கடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை." அதன் கீழே அதையே வேறு வார்த்தையில் இன்னும் இரண்டு பேர். அதற்கும் கீழே, ஒற்றை நட்சத்திரத்தோடு நான். "வருஷம் பூரா ஜனங்க நடக்குற வழின்னு ஆதாரம் கேப்பாங்க மேடம். ஆதாரம் இருக்கு. ஆனா அந்த ஆதாரத்திலயே பாலம் தேவையில்லைன்னு இருக்கே" என்றார். எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. அவருக்கும் நன்றாக வந்தது. வளர்மதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு நாள் காலையில நீங்களே வந்து பாருங்களேன்" என்றாள். வரலாம், ஆனால் தான் பார்த்ததைக் கோப்பில் வைக்க முடியாது, எழுத்தில் இருப்பதைத்தான் வைக்க முடியும் என்றார். எங்கெங்கே பாலம் கட்டுவது என்ற இந்த வருஷத்துப் பட்டியல் கார்த்திகையோடு முடிகிறதாம்.

"நான் பாலம் வேணாம்னு சொல்லவே இல்லை மேடம். உங்க ஆளுங்கதான் சொல்றாங்க. அவங்களை மாத்திச் சொல்லச் சொல்லுங்க, அன்னிக்கே எஸ்டிமேட் போட்டுடறேன்."

நேர்மை

அன்று மாலையே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். ரவிச்சந்திரன் சார் வீட்டில் முறுக்கும் காப்பியும் கிடைத்தன. வளர்மதியைப் பற்றி எல்லாம் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார், அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, வேலை முடிந்தது என்று நினைத்து நான் இரண்டாவது முறுக்கை எடுத்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நமக்கு நல்லது நடக்காது. தான் கண்ணால் கண்டதைத்தான் எழுதியதாகவும், காணாததை எழுதினால் குழுவின் மேல் யாருக்கு நம்பிக்கை வரும் என்றும் கேட்டார். அப்படியானால் இப்போது வந்து காணுங்கள் என்றேன். மழைக்காலத்தில் முழங்கால் வலி வருகிறதாம். கீழே ஒரு வரி, "இது கோடையில் பார்த்தது" என்றாவது சேருங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி எங்கள் வீட்டுக்காரர்கூடப் பார்த்ததில்லை. எழுதியதில் கை வைக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

"உங்களுக்காக மாத்துனா நாளைக்கு இன்னொருத்தர் வருவார்மா. இன்னும் ஒரே ஒரு ஆளு நடந்து சரியில்லைன்னு எழுதட்டும், விதிப்படி கோடு தானா சிவப்பாயிடும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

டீ நன்றாக இருந்தது

ஒரே ஒரு ஆள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆள் இருக்கிறாரே. ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் அவரைக் குழுவில் சேர்த்து, ஷூ வாங்கிக் கொடுத்து, வாய்க்கால்வரை போய்ப் பார்த்துவிட்டு உள்ளதை எழுதினால் போதும் என்று பாடம் நடத்தி அனுப்பினேன். நானும் கூட நடந்தால் தனித்தனி நடையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், விதி அப்படி. அதனால் நான் போகவில்லை. அது என் கெட்ட நேரம்.

மனிதர் வாய்க்கால் கரைக்கு இறங்கும் முனை வரைதான் போயிருக்கிறார். அங்கே ஒரு டீக்கடை, அதில் உரக்கடை வாடிக்கையாளர்கள் நாலு பேர். தூறல் வேறு போட்டிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே எழுதி அனுப்பியும்விட்டார்: "இயற்கைச் சூழல். மக்கள் அன்பானவர்கள். டீ நன்றாக இருந்தது." நாலு நட்சத்திரம். வளர்மதிக்கு எதிராகக் கணக்கில் இன்னொரு ஆள். நான் சமையலறையில் பாத்திரங்களை வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவர் பின்னாலேயே வந்து நின்றார், நிஜமாகவே ஒன்றும் புரியாத முகத்தோடு.

"நீ பாடுபட்டு நடக்குற வழி, அதைப் போய் நானே மோசம்னு எழுதுவேனா? அசிங்கமில்லையா உனக்கு?"

தண்ணீர் வடிந்ததும்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் ஆள் இறங்க முடியாது. வளர்மதி ரோட்டுப் பாலம் சுற்றிப் போனாள், மழையில் நனைந்து போனாள், பிந்திப் போனாள். வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒருவர் மயங்கி விழுந்ததாகவும், டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்தியதாகவும் போனில் சொன்னாள். நான் குழுவில் அவள் கதையை முழுதாக எழுதிப் போட்டேன். கும்பிடும் கை வந்தது, இதயம் வந்தது, அழுகிற முகம் வந்தது. கல்லணைச் சாலையில் எடுத்த சூரியோதயப் படத்தை ஒருவர் அதற்குக் கீழேயே போட்டார். அதற்கு என் செய்தியைவிட அதிக இதயம். அதிராம்பட்டினத்திலிருந்து நடக்கிற ஒரு தம்பி மட்டும் நல்ல மனசோடு பதில் எழுதினார்: "கவலைப்படாதீங்க மேடம், தையில தண்ணி வடிஞ்சதும் கண்டிப்பா வந்து நடந்து பாத்து எழுதறேன்."

கார்த்திகை பிறந்த அன்று வளர்மதி கூப்பிட்டாள். டாக்டர் திட்டவில்லையாம். உட்கார வைத்து, கையிலிருந்த மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அவள் எழுந்து வெளியே வரும்போது அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெண் வீடு கிளினிக்குக்குப் பின் தெரு. நான், பட்டியல் முடிய இன்னும் நாள் இருக்கிறது, பாலம் வந்தால் அடுத்த வருஷமாவது என்று எதையோ சொன்னேன். எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"விடுங்கக்கா. சித்திரையில அந்த சாரையே ரத்தம் குடுக்க வரச் சொல்லுங்க, அப்ப நான் டைமுக்கு வந்துடுவேன்."

ஆக, தண்ணீர் ஓடினால்தான் பாலம் தேவைப்படுகிறது, தண்ணீர் வடிந்தால்தான் ஆள் நடந்து பார்க்க வருகிறார்கள், எங்கள் தொண்டின் லட்சணம் இவ்வளவுதான்.

நேற்று குழுவில் கடைசியாக ஒரு தடவை எழுதினேன். எல்லோரும் படித்துவிட்டார்கள், நீல டிக் காட்டுகிறது. இன்று பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: "கார்த்திகை முடிவதற்குள் உங்களில் யாராவது ஒருவர் வந்து, இந்த வழியில் நடக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போங்கள்."